காவலுக்கு ஓர் ஆள்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில் இருப்புக் கொள்ளாது. கடற்கரைச் சாலைக்குப் போய்த் தெற்கேயிருந்து வடக்கே ஒரு நடை, வடக்கேயிருந்து தெற்கே ஒரு நடை நடந்துவிட்டு வந்தால்தான் இரவுச் சாப்பாடு இறங்கும். காந்தி சிலைக்குப் பக்கத்தில் நிற்கிற பழைய வெளிச்சவீட்டை இந்த நடையில் எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பேனோ, கணக்கில்லை. ஆனால் யாராவது என்னை நிறுத்தி, "அது எந்த வருஷத்தில் ஏற்றிய விளக்கு? எப்போது அணைந்தது?" என்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். ஊரைப் பார்ப்பது வெளியூர்க்காரர்களுடைய வேலை என்றுதானே நாம் எல்லோரும் வைத்துக்கொண்டிருக்கிறோம்!

அந்த வெளிச்சவீட்டை நான் நிமிர்ந்து பார்க்கும்படி செய்தவள் என் அண்ணன் மகள். அவள் இப்போது அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் இருக்கிறாள். எனக்குத் திங்கட்கிழமை காலைக் காப்பி வேளை. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை. அந்த நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுவாள். போன கோடையில் ஒரு நாள் இப்படித்தான் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, ரெண்டு கையையும் தூக்க முடியலை. ரெண்டு நாளா பழைய பெயிண்டைச் சுரண்டிக்கிட்டு இருந்தேன்."

"ஏன்? வீட்டுக்காரன் வாடகைக்குப் பதிலாகச் சுரண்டச் சொன்னானா?"

"வீடு இல்லை, சித்தப்பா. மலை உச்சியிலே ஒரு கூண்டு. காட்டுத்தீ காவல் கோபுரம். நாங்க பத்துப் பேர் சேர்ந்து அதைப் பழுது பார்க்கிறோம்."

"சம்பளம் எவ்வளவு?"

அவள் சிரித்தாள். "சம்பளமா? சாப்பாடு, தண்ணி, பெயிண்ட், பிரஷ் எல்லாத்தையும் நாங்களே முதுகிலே சுமந்துக்கிட்டு ஏறணும். அஞ்சு மணி நேரம் நடை."

சம்பளமும் இல்லை, சாப்பாடும் இல்லை, ஐந்து மணி நேரம் மலையேற்றம் வேறு! படித்த பெண் இப்படியும் செய்வாளா என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் கதை எழுதுகிறவனுக்கு உண்டான புத்தி சும்மா இருக்க விடவில்லை. அது என்ன கோபுரம் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். அடுத்த சில திங்கட்கிழமைகளில் அவள் சொன்னதும், அதன்பிறகு நானாகத் தேடிப் படித்ததும் சேர்ந்து எனக்குப் புரிந்தது இதுதான்.

1910-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20, 21 ஆகிய இரண்டே நாளில், அமெரிக்காவின் வடமேற்கே ஐடஹோ, மாண்டானா, வாஷிங்டன் மாநிலங்களில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்து சாம்பலாயிற்று. எண்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் தீயை அணைக்கப் போனவர்கள். அது ஒரே இடத்தில் பற்றிய தீ அல்ல. அங்கங்கே எரிந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான சின்னத் தீக்களைப் பெருங்காற்று ஒன்று வந்து ஒன்றாகச் சேர்த்துவிட்டது. அந்த அனுபவத்திலிருந்து அந்த நாட்டுக் காட்டிலாகா ஒரு பாடம் படித்துக்கொண்டது. தீயைச் சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். பார்ப்பதற்கு உயரத்தில் ஓர் ஆள் வேண்டும். ஆள் இருப்பதற்கு ஓர் இடம் வேண்டும்.

இப்படித்தான் மலை உச்சிகளில் கோபுரங்கள் எழும்பின. 1930-களில், வேலையில்லாத வாலிபர்களுக்கு வேலை கொடுக்க அந்த அரசாங்கம் ஒரு படை திரட்டிற்றே, அந்தப் படை கட்டியவை ஏராளம். எஃகுச் சட்டத்தின் மேல் நிற்பவை சில. மரக்கால்களின் மேல் நிற்பவை சில. பாறை மேலேயே உட்கார்ந்திருப்பவை சில. மேலே உள்ள அறை பெரும்பாலும் பதினான்கடிக்குப் பதினான்கடி. நாலு பக்கமும் ஜன்னல். நடு அறையில் ஒரு யந்திரம்.

அந்த யந்திரத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்கு நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது. ஆஸ்போர்ன் என்ற காட்டிலாகாக்காரர் ஒருவர் கண்டுபிடித்தது. வட்டமான ஒரு தட்டு. அதன்மேல் சுற்றுவட்டாரத்தின் வரைபடம். வரைபடத்தின் நடுப்புள்ளிதான் அந்தக் கோபுரம். தட்டைச் சுற்றி ஒரு வளையம் சுழலும். வளையத்தின் ஒரு பக்கம் சின்னத் துவாரம், எதிர்ப்பக்கம் குதிரை ரோமம் ஒன்று செங்குத்தாகக் கட்டியிருக்கும். தூரத்தில் புகை தெரிந்தால், துவாரத்தில் கண்ணை வைத்து, ரோமமும் புகையும் ஒரே கோட்டில் வரும்படி வளையத்தைத் திருப்ப வேண்டும். எத்தனை பாகை என்று படித்துத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஒரு கோபுரம் சொன்னால் திசை தெரியும். இன்னொரு மலையிலிருக்கும் கோபுரமும் சொன்னால், இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தீ இருக்கிறது! பள்ளிக்கூடத்தில் க்ஷேத்திர கணிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

இடி மின்னல் வரும்போது உச்சி மலையில் தனியாக இருப்பவன் கதி என்ன? அதற்கும் ஒரு யுக்தி வைத்திருந்தார்கள். ஒரு முக்காலி, அதன் கால்களின் அடியில் கண்ணாடிக் குமிழ்கள். மின்னல் வெட்டுகிறபோது காவல்காரன் அந்த முக்காலிமேல் ஏறிக்கொள்வான். ஏறிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு ராமஜபம் செய்யக்கூடாது. எந்த மரத்தின்மேல் மின்னல் விழுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்!

ஆண்கள்தான் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஹாலி டாகெட் என்ற பெண்மணி 1913-இல் வடகலிபோர்னியாவில் ஒரு மலையுச்சியில் இந்தக் காவல் வேலைக்குப் போனாள். பெண்பிள்ளை தனியாக எத்தனை நாள் தாங்குவாள் என்று பேசிக்கொண்டவர்கள் வாயடைத்துப் போகும்படி, அடுத்தடுத்துப் பல கோடைகள் அங்கேயே இருந்து காவல் காத்தாள்.

எங்கள் ஜாதிக்காரர் ஒருவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். நாவலாசிரியர் ஜாதியைச் சொல்கிறேன். ஜாக் கெரோவாக் என்பவர் 1956 கோடையில் டெசலேஷன் என்ற சிகரத்தில் 63 நாள் தனியாகக் காவல் இருந்தார். அந்த அனுபவத்தைப் பிறகு நாவல்களில் எழுதினார். "அறுபத்து மூன்று நாள் இப்படித் தனிமை கிடைத்தால் நானும் ஒரு பெரிய நாவல் எழுதிவிடுவேன்" என்று வீட்டில் சொன்னேன். "மூணாம் நாள் காப்பிக்கு இறங்கி வந்துடுவீங்க" என்றாள் என் மனைவி. அதிலும் நியாயம் இருக்கிறது.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுவதற்கும் இல்லை. தினைப்புனத்தில் பரண் கட்டி அதன்மேல் ஏறிக் காவல் காத்த பெண்ணைத்தானே நம் முருகன் தேடிப் போனான்? வள்ளி விரட்டியது கிளியை. இவர்கள் தேடியது புகையை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓரிடத்திலோ கோபுரமே கட்டவில்லை. காரி என்ற ஓங்கி வளரும் மரம் ஒன்றில் சுற்றிச் சுற்றி முளை அடித்து ஏணிபோலாக்கி, உச்சியில் 1947-இல் ஒரு பரணே கட்டிவிட்டார்கள். நம் பக்கத்திலும், கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரிக்குப் போகிற காட்டு வழியில் 'ஃபயர் டவர்' என்றே ஓர் இடத்துக்குப் பெயர் உண்டு. குடும்பத்தோடு நான் அங்கே இறங்கியிருக்கிறேன். புகைப்படம் எடுத்துக்கொண்டேன், வேர்க்கடலை தின்றேன், திரும்ப வண்டியில் ஏறிவிட்டேன். 'ஃபயர்' எங்கே, 'டவர்' எதற்கு என்று ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்டேனில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். யுத்தம் முடிந்த பிறகு அந்த நாட்டில் தீயைத் தேட ஆகாய விமானங்கள் வந்தன. பின்னால் வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களும் வந்தன. கோபுரங்களுக்கு வேலை போயிற்று. ஆளில்லாத கோபுரத்தில் யாராவது ஏறி விழுந்தால் வம்பு என்று, காட்டிலாகாவே பலவற்றைப் பிரித்துப் போட்டது. சிலவற்றைக் கொளுத்தியும் விட்டது. தீ வராமல் காத்த கோபுரத்துக்குத் தீயாலேயே முடிவு!

மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று கிளம்பியவர்கள்தான் இந்தத் தொண்டர்கள். 1990-இல் இதற்கென்று நாடு தழுவிய சங்கம் ஒன்றும் ஏற்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் 'மூன்று விரல்' என்று ஒரு சிகரம். உச்சிப் பாறையை வெடி வைத்துத் தகர்த்துச் சமதளமாக்கி, 1930-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு காவல் அறை கட்டினார்கள். கடைசித் தூரத்தை ஏணியில் ஏறித்தான் கடக்க வேண்டும். எவரெட் என்ற ஊரின் மலையேறும் சங்கத்தார் இன்றைக்கும் அந்த அறையைப் பராமரித்து வருகிறார்கள்.

இவர்கள் அங்கே போய் என்ன செய்கிறார்கள்? பிரமாதமான காரியம் எதுவும் இல்லை. பழைய பெயிண்டைச் சுரண்டுகிறார்கள். கண்ணாடி விலகிய ஜன்னலுக்கு மக்கு வைக்கிறார்கள். கூரையில் பெயர்ந்துபோன மரச்சில்லை எடுத்துவிட்டு வேறு சில்லு பொருத்துகிறார்கள். கோபுரத்தை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பியைப் பார்த்து முறுக்குகிறார்கள். பனிக்காலத்துக்கு முன் ஜன்னல் பலகைகளைச் சாத்துகிறார்கள், கோடையில் திறக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முதலில், கோபுரத்தைச் சுற்றி வந்து பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். போன வருஷம் நூல் கனம் இருந்த விரிசல் இந்த வருஷம் எவ்வளவு? எங்கே தண்ணீர் தேங்குகிறது? எந்தக் காலில் பூச்சி?

காட்டுத்தீ கோபுரத்தை நெருங்கி வரும் சமயங்களில், தீயணைக்கும் படையினர் மலையேறி, அலுமினியம் பூசிய துணியால் அறையைக் கீழிருந்து மேல்வரை சுற்றி விடுவார்களாம், குளிர்காலத்தில் குழந்தைக்குக் கம்பளி சுற்றுவதுபோல. அதன் படத்தை என் அண்ணன் மகள் அனுப்பியிருந்தாள். மலையுச்சியில் வெள்ளிப் பொட்டலம் ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

நான் விடவில்லை. "எல்லாம் சரி அம்மா. ஆகாயத்திலிருந்து செயற்கைக்கோள் பார்க்கிறது. ஓட்டைக் கோபுரத்தை எதற்காகக் கட்டி அழ வேண்டும்?" என்று கேட்டேன்.

"பல செயற்கைக்கோள் ஒரு நாளிலே சில தடவைதான் தலைக்கு மேலே வரும், சித்தப்பா. நடுவிலே மேகம் இருந்தா மறைச்சிடும். இன்னும் சில கோபுரத்திலே கோடைக்கு ஆள் வெச்சிருக்காங்க. ஆனா நாங்க பெயிண்ட் அடிக்கிறது அதுக்காக மட்டும் இல்லை" என்றாள். பிறகு எதற்காக என்பதை அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

நம் நாட்டில் 2004-ஆம் வருஷம் முதல் இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் காட்டுத்தீயைக் கண்டுபிடித்து மாநிலங்களுக்குத் தகவல் அனுப்பி வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை நம்மால் மறக்க முடியுமா? மலையேறப் போன வாலிபர்களும் இளம் பெண்களும் காய்ந்த புல்வெளியில் தீயின் நடுவே சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் காற்று சேர்ந்தால் தீ எந்த வேகத்தில் சரிவில் ஏறும் என்பதை அந்த மலையில் நடந்து பழகியவர்கள் அறிவார்கள். வானத்திலிருந்து வரும் தகவல் வேண்டியதுதான். ஆனால் மண்ணில் நின்று பார்க்கிற கண்ணும், ஓடிப்போய்ச் சொல்கிற காலும் வேண்டாம் என்று ஆகிவிடவில்லை.

இதற்குப் பிறகு வந்த ஒரு திங்கட்கிழமையில்தான் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா, நம்ம ஊர் பழைய லைட் ஹவுஸ் எப்படி இருக்கு?"

"நிற்கிறது" என்றேன்.

"அது எனக்கும் தெரியும். எப்படி நிற்குது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று மாலை நடைக்குப் போனபோது, காந்தி சிலை அருகே நின்று, ஊருக்கு வந்த யாத்ரிகனைப்போல நிமிர்ந்து பார்த்தேன். 1836 ஜூலை முதல் தேதி அந்தக் கோபுரத்தில் முதல் முதலாக விளக்கு ஏற்றினார்கள். அதற்கு முன்பெல்லாம் இந்தக் கரைக்குக் கப்பல் வருவது என்றால் ஊரே எதிர்பார்த்து நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்த நாட்குறிப்பைப் புரட்டினால் எந்தக் கப்பல் வந்தது, எது போயிற்று, எது வரவில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் கவலைப்பட்டிருப்பார். அப்பேர்ப்பட்ட கடலுக்கு நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் வெளிச்சம் காட்டிவிட்டு, 1979-இல் புது வெளிச்சவீடு வந்ததும் இது ஓய்வு பெற்றது. கடலுக்காகக் கண் விழித்த கோபுரத்துக்கு நேர்ந்ததும், காட்டுக்காகக் கண் விழித்த கோபுரத்துக்கு நேர்ந்ததும் ஒன்றுதான். வேலை முடிந்ததும் இரண்டையும் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரில் வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்த வெளிச்சவீட்டுக்குத் தெற்கே, அதே கடற்கரைச் சாலையில், பிரெஞ்சுக்காரர்கள் 1870-ஐ ஒட்டிக் கட்டிய மேரி கட்டடம் இருந்தது. நகராட்சி அலுவலகம் நெடுங்காலம் இருந்த இடம். வெள்ளை வெளேரென்று கடலைப் பார்த்து நிற்கும். அதைப் பழுது பார்க்க வேண்டும் என்ற பேச்சு பல வருஷமாக நடந்துகொண்டே இருந்தது. 2014 நவம்பர் 29, சனிக்கிழமை. அடைமழை. மேரி இடிந்து விழுந்தது.

செய்தி கேட்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். கூட்டத்தில் ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. குடையைக்கூட விரிக்காமல் நனைந்துகொண்டே, "நேற்றுக்கூட இந்தப் பக்கம்தானே நடந்து போனேன்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் எல்லோருமே நேற்று அந்தப் பக்கம்தான் நடந்து போனோம். அதனால்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் கிழவருக்கு நான் ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் நெஞ்சில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. அதை இதுவரை எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

தமிழர் பகுதியில், வைசியாள் வீதிக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு இருந்தது. வாசலில் திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண் வைத்த தாழ்வாரம், உள்ளே முற்றம், மேலே தேக்கு விட்டங்களின்மீது செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்டுக் கட்டிய மாடித்தளம். என் தாத்தாவின் தகப்பனார் கட்டியது. புரட்டாசி பிறந்ததும் அப்பா ஒரு காரியம் செய்வார். ஒரு திருப்புளி, ஒரு கரண்டி, கொட்டாங்கச்சியில் குழைத்த சுண்ணாம்பு, மடியில் ஒரு துண்டுப் பெருங்காயம், இவற்றோடு மொட்டை மாடிக்குப் போவார். தண்ணீர் இறங்கும் தூம்புகளில் அடைத்திருக்கும் சருகை வாருவார். பிறகு கைப்பிடிச் சுவரை ஓரமாகத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வருவார். காக்கை எச்சத்தில் விழுந்த விதை எங்கேனும் முளைத்து, அரசங்கன்று இரண்டு இலை விட்டிருக்கும். திருப்புளியால் நெம்பி, வேர் அறாமல் பிடுங்குவார். வேர் இருந்த ஓட்டையில் பெருங்காயத்தைக் கிள்ளி வைத்துச் சுண்ணாம்பால் அடைப்பார். "அரச மரத்தைப் பிடுங்கலாமா?" என்று அம்மா பதறுவாள். "குளத்தங்கரையில் இருந்தால் கும்பிடுவேன். கைப்பிடிச் சுவரில் இருந்தால் பிடுங்குவேன்" என்பார் அப்பா. கடைசி இரண்டு மூன்று வருஷம் கொட்டாங்கச்சியை ஏந்திக்கொண்டு அவர் பின்னாலேயே போனவள், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த என் அண்ணன் மகள்.

2008-இல் அப்பா காலமானார். அண்ணன் வேலை நிமித்தம் சென்னைக்குப் போய்விட்டார். வீடு என் பொறுப்பாயிற்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வீட்டைப் பற்றி ஒரு நாவல் எழுதினேன்! திண்ணை, தூண், முற்றத்தில் விழும் மழை எல்லாம் அதில் வரும். நன்றாக இருக்கிறது என்று பலர் கடிதம் எழுதினார்கள். முற்றத்து மழையை வர்ணித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வருஷமும் நான் மாடிக்குப் போகவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் வீட்டுக்கு வந்தார்கள். கையில் அளவு நாடா, நோட்டுப் புத்தகம். ஊரிலுள்ள பழைய வீடுகளைப் பார்த்துக் குறிப்பு எடுக்கும் தொண்டர்கள். இண்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு 1984 முதல் எங்கள் ஊரில் இந்த வேலையைச் செய்து வருகிறது. வைசியாள் வீதியில் பழைய வீடுகளின் முகப்பைச் சீர்ப்படுத்தி, 2008-இல் யுனெஸ்கோவின் விருதும் அந்தத் தெருவுக்குக் கிடைத்திருந்தது. அதைப் பார்த்து உற்சாகம் கொண்டு கிளம்பிய பிள்ளைகள் அவர்கள். நான் காப்பி கொடுத்து, என் நாவலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மாடிக்குப் போய் இறங்கி வந்தார்கள். போகும்போது அந்தப் பெண் சொன்னாள்: "சார், மேலே கைப்பிடிச் சுவரிலே அரசு முளைச்சிருக்கு. இப்போ சின்னதுதான். மழைக்கு முன்னாடி எடுத்துடுங்க."

"ஆகட்டும் அம்மா" என்றேன். அவ்வளவுதான். அந்த மழையும் வந்தது. அடுத்த மழையும் வந்தது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் எங்கள் ஊர்மேல் அடித்தது. சுவருக்குள் கை பருமனுக்கு வேர் ஓடியிருந்த கைப்பிடிச் சுவர், மரத்தோடு சரிந்து, முற்றத்துத் தாழ்வாரத்து ஓட்டின்மேல் விழுந்தது. இரவு வழக்கமாக நான் படுத்திருக்கும் இடம் அது. குளிருக்காக அன்று உள்ளே படுத்திருந்தேன்.

பிறகு ஒரு கொத்தனாரைப் பிடித்து, விரிசலுக்கெல்லாம் சிமெண்டு பூசச் சொன்னேன். அதுவும் தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். மூச்சு விடுகிற சுவர் அது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. சுவருக்குள் செருகியிருந்த விட்டங்களின் நுனி ஒவ்வொன்றாக மக்கிற்று. 2013-இல் வீட்டை இடித்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டோம். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதில் ஒன்றில்தான் நான் இருக்கிறேன். சௌகரியமாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் நான் தொலைபேசியில் அவளிடம் சொல்லவில்லை. அவள்தான் ஒரு நாள் ஆரம்பித்தாள்.

"சித்தப்பா, மலைமேலே போன வாரம் ஜன்னல் சட்டத்தைச் சுரண்டிக்கிட்டு இருந்தப்போ, எங்க கூட வர்ற ஒரு பெரியவர் சொன்னார்: 'இங்கே இருந்தவங்க வேலை புகை நூல் மாதிரி இருக்கும்போதே பார்க்கிறது. நாமும் அதே வேலையைத்தான் செய்யறோம். அவங்க காட்டுக்குச் செய்தாங்க. நாம இந்தக் கோபுரத்துக்குச் செய்யறோம்' என்று. எனக்கு உடனே தாத்தா ஞாபகம் வந்துட்டுது. கொட்டாங்கச்சி, பெருங்காயம் எல்லாம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த வீட்டை இடிச்சப்போ எனக்குப் பன்னிரண்டு வயசு. ஏன்னு நான் உங்களைக் கேட்கவே இல்லை, இல்லே?" என்றாள்.

கேள்வி அவ்வளவுதான். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. இருந்தாலும் என்னால் காப்பியைக் குடித்து முடிக்க முடியவில்லை. "அரசங்கன்று ஒன்று முளைத்தது. நான் எடுக்கவில்லை" என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றாள் அவள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மேரி கட்டடத்தை மறுபடியும் பழைய மாதிரியே கட்டிவிட்டார்கள். உலக வங்கியின் உதவியோடு எழும்பி, 2021 பிப்ரவரியில் திறப்பு விழாவும் நடந்தது. மாலையில் அதன் வெள்ளைச் சுவரில் வெளிச்சம் படும்போது அழகாகத்தான் இருக்கிறது. கட்டாமல் விடுவதைவிடக் கட்டியது நல்லது என்பதில் எனக்கு அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் புதிதாகக் கட்டுவதற்கு ஆன காலத்தையும் செலவையும் நினைக்கும்போது, வருஷத்துக்கு ஒரு தடவை மாடிக்குப் போகிற ஓர் ஆளின் அருமை தெரிகிறது. பழைய கட்டடங்களைப் புயல் தள்ளிவிடுவதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். புயல் வந்து சேர்வது கடைசியில்தான். அதற்கு முன்பு எத்தனையோ புரட்டாசிகள் வந்து, ஒருவரும் மேலே ஏறாமல், போயிருக்கும்.

தொண்டு என்றால் பெரிய தியாகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மலையுச்சியில் பெயிண்ட் சுரண்டுகிறவர்களும், நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குகிற பிள்ளைகளும் செய்வது அப்படி ஒன்றும் இல்லை. தங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை, சொந்தக்காரன் பார்க்க வேண்டிய கண்ணால் பார்க்கிறார்கள். சொந்தக்காரனான நான் அதைக்கூடச் செய்யவில்லை.

எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பழைய வீடுகள் பாக்கி இருக்கின்றன. ஒன்றில் ஓர் அம்மாள் தனியாக இருக்கிறார்; எண்பது வயதுக்கு மேல் ஆகிறது; மாடிப்படி ஏற முடியாது. போன புரட்டாசியில் அவரிடம் போய், "மாடியை ஒரு தடவை பார்க்கட்டுமா, அம்மா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுத்தாளனுக்கு மாடியில் என்ன வேலை என்று நினைத்திருப்பார். பிறகு, "போய்ப் பார், தம்பி. படியிலே பாசி, ஜாக்கிரதை" என்றார்.

தூம்பில் சருகு அடைத்திருந்தது, வாரினேன். கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தேன். தென்கிழக்கு மூலையில் இருந்தது, இரண்டே இலையோடு. அப்பாவின் திருப்புளி இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. புதிதாக வாங்கியதை வைத்து நெம்பினேன். வேர் அறாமல் வந்துவிட்டது. கொண்டு போயிருந்த சுண்ணாம்பால் ஓட்டையை அடைத்தேன். கீழே வந்து காட்டியதும், "அரச மரமாச்சே, பாவம் இல்லையா?" என்றார் அந்த அம்மாள். அப்பா சொன்னதையே சொன்னேன். சிரித்துவிட்டு மோர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, பிடுங்கிய கன்றைப் புகைப்படம் எடுத்து அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். பெரிய சாதனை செய்துவிட்டவன்போல அவள் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அரை மணி கழித்துப் பதில் வந்தது.

"பெருங்காயம் வெச்சீங்களா?"

வைக்கவில்லை. மறந்தே போனேன். மறுநாள் காலை சமையலறையிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்துக்கொண்டு, மறுபடியும் அந்த அம்மாள் வீட்டு மாடிப்படியில் ஏறினேன்.